ஐம்பத்தாறு வயதில் அழுத மகன்

மேய்ப்பனின் மடல்

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான வாசகக் குடும்பத்தாரே,

 

சென்ற மாதம் சூரத்திலிருந்து ஒரு சகோதரர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவருக்கு வயது 48. நெசவாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். ஊரில் இருந்த அவருடைய தாயார் 79ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஊருக்குச் சென்று, மூத்த மகனாக எல்லாக் காரியங்களையும் முன்நின்று முடித்துத் திரும்பினாராம். அதன்பின் அவர் எழுதியிருந்தது இது:

“பாஸ்டர், வயதான காலத்தில் போனார்கள், கல்யாணச் சாவு என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்ளுகிறேன். ஆனால் விடியற்காலையில் விழிப்பு வந்தால் சிறுபிள்ளையைப்போல அழுகை வருகிறது. மனைவி, பிள்ளைகள் எழுந்துவிடக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். முழங்காலில் நின்றால் ஜெபிக்க வார்த்தை வருவதில்லை. என் விசுவாசம் எங்கே போயிற்று?”

இக்கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். இதற்குப் பதில் எழுதுமுன் உங்கள் யாவருக்கும் முன்பாக என் தவறு ஒன்றை நான் அறிக்கையிட வேண்டியதாயிருக்கிறது.

நான் சொன்ன வார்த்தை

2006ஆம் ஆண்டில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் தகப்பனார் மரித்தார். தாராவியில், சந்துக்குள் இருந்த அவர்களுடைய சிறிய வீட்டில், பெட்டியின்மேல் விழுந்து அந்தச் சகோதரி கதறினார். ஊழியத்தில் எனக்கு அப்பொழுது வைராக்கியம் மிகுதி, அனுபவம் குறைவு. அவரைத் தூக்கி நிறுத்தி, “சகோதரி, அழுகையை நிறுத்துங்கள். பரலோகம் போனவருக்காக விசுவாசி அழலாமா? புறஜாதியார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?” என்று சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் என் முன்பாக அவர் அழவேயில்லை. நான் அதை என் வார்த்தைக்குக் கிடைத்த வெற்றி என்று எண்ணினேன்.

2019ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை அதிகாலை நாலரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. அந்த நேரத்தில் ஊரிலிருந்து வரும் அழைப்பு என்ன செய்தியைக் கொண்டுவரும் என்று பட்டணத்தில் பிழைக்கும் நம்மில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி பேசினான். “அண்ணே, அம்மா...” என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

பக்கத்து வீட்டு மராத்தி சகோதரர் தம்முடைய வண்டியில் எங்களை விமான நிலையத்திற்குக் கொண்டுபோய்விட்டார். சென்னை வழியாக மதுரை சென்று, அங்கிருந்து காரில் சாத்தான்குளம் பக்கத்திலுள்ள எங்கள் ஊரை அடைந்தபோது இருட்டிவிட்டது. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அம்மா ஃப்ரீசர் பெட்டிக்குள் இருந்தார்கள். கண்ணாடியின்மேல் கை வைத்தேன். எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போதகன் அல்லவா? அழவில்லை. மறுநாள் அடக்க ஆராதனையில் நானே செய்தி கொடுத்தேன். “பாஸ்டர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, எவ்வளவு பெரிய விசுவாசம்!” என்று சிலர் சொன்னது என் காதில் விழுந்தது. உண்மையைச் சொன்னால், அது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

மும்பைக்குத் திரும்பினேன். பிரசங்கித்தேன், வீடுகளைச் சந்தித்தேன், இரண்டு வாரங்கள் ஒன்றும் நடவாததுபோல ஓடின. மூன்றாம் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மறுநாள் செய்திக்கான குறிப்புகளை எழுதி முடித்தேன். பல ஆண்டுகளாக அந்த நேரத்தில் நான் அம்மாவுக்குத் தொலைபேசி செய்வது வழக்கம். “எய்யா, நாளைக்கு என்ன வசனம்?” என்று கேட்பார்கள். வசனத்தைச் சொன்னால், “நான் ஜெபிக்கேன்யா, தைரியமாப் பேசு” என்பார்கள். அன்றும் என் விரல்கள் பழக்கத்தினால் அந்த எண்ணை அழுத்திவிட்டன. மறுமுனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். தம்பி மகள், “பெரியப்பா?” என்றாள்.

என்னால் பேசக் கூடாமற்போயிற்று. மறுநாள் ஆராதனையில் துதிவேளை முடிந்து பிரசங்கபீடத்திற்கு வந்தவன், வேதப்பகுதியை வாசித்ததோடு நின்றுவிட்டேன். உதவிப் போதகர் வந்து தொடர்ந்தார். நான் பின்னறைக்குள் போய் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் அங்கே வந்தவர், நான் முன்பு அழக் கூடாதென்று தடுத்த அதே சகோதரி.

“ஐயா, நீங்க அழல. அதான் இப்படி ஆகுது. எங்கப்பா போனப்ப நானும் உங்க பேச்சக் கேட்டு அழாம இருந்தேன். ரெண்டு வருஷம் நெஞ்சுல கல்லாக் கெடந்துச்சு. அழுதுருங்கய்யா. ஆண்டவர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாரு.”

குற்றஞ்சாட்டும் தொனி அதில் சிறிதும் இல்லை. தான் நடந்துவந்த வழியை அறிந்தவராக அவர் பேசினார். நான் அழுதேன். பின்பு அவரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். சூரத்துச் சகோதரரே, உங்களுக்கு நான் எழுதும் பதில் அந்தப் பின்னறையில் கற்றுக்கொண்டதே.

யோசேப்பின் வயது

அந்நாட்களில் ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். வேதாகமக் கல்லூரியில் அதைப் படித்திருக்கிறேன், தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனாலும் ஒரு சிறு கணக்கை நான் அதுவரை போட்டுப் பார்த்ததில்லை.

யோசேப்பு பார்வோனுக்கு முன்பாக நின்றபோது அவனுக்கு 30 வயது (ஆதி. 41:46). செழிப்பான ஆண்டுகள் ஏழும், பஞ்சத்தின் ஆண்டுகள் இரண்டும் கடந்தபின் யாக்கோபு எகிப்துக்கு வருகிறான்; ஆகவே அப்பொழுது யோசேப்புக்கு ஏறக்குறைய 39 வயது. யாக்கோபு எகிப்தில் 17 ஆண்டுகள் வாழ்ந்து மரித்தான் (ஆதி. 47:28). அப்படியானால் தகப்பன் மரித்தபோது யோசேப்புக்கு ஏறக்குறைய 56 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். ஒரு தேசத்தின் ஆகாரம் அவன் கையில் இருந்தது. அவன் சொந்த ஊரை விட்டு வந்து, அந்நிய பாஷை பேசும் இடத்தில் பிழைத்து உயர்ந்தவன். நம்மில் அநேகரைப்போன்ற நடுவயது மனிதன்.

மரித்த யாக்கோபுக்கோ 147 வயது. கல்யாணச் சாவு என்று சொல்ல அதைவிடத் தகுதியான சாவு எது? ஆனாலும் அந்த மகன் செய்தவற்றைப் பாருங்கள்.

1. அவன் அழுதான்

யோசேப்பு தகப்பனின் முகத்தின்மேல் விழுந்து அழுதான், அவனை முத்தமிட்டான் (ஆதி. 50:1). எகிப்தின் அதிபதி, ஊழியக்காரர் யாவரும் பார்த்துக்கொண்டிருக்க அழுதான். பின்பு யோர்தானுக்கு அப்பால் ஆத்தாத்தின் களத்தில் ஏழு நாள் துக்கங்கொண்டாடினார்கள். அத்தேசத்தின் குடிகளாகிய கானானியர் அந்தத் துக்கத்தைக் கண்டு, அவ்விடத்திற்கே அதைக் கொண்டு பெயரிட்டார்கள் (ஆதி. 50:10, 11). புறஜாதியார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று நான் கேட்டேனே, அதற்கு வேதத்திலேயே பதில் இருந்தது. அவர்கள் பார்த்தார்கள், இவர்கள் தங்கள் தகப்பனை எவ்வளவு நேசித்தார்கள் என்பதைக் கண்டார்கள். அதனால் தேவ நாமத்திற்கு ஒரு குறைவும் வரவில்லை.

ஸ்தேவானை அடக்கம்பண்ணின தேவபக்தியுள்ள மனுஷரும் அவனுக்காக மிகவும் துக்கித்தார்கள் (அப். 8:2). ஆவியினால் நிறைந்த ஆதிச்சபை அது! சற்றுநேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும், லாசருவின் கல்லறையருகே நம் ஆண்டவர் அழுதார் (யோவான் 11:35). பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது, துக்கிக்கவே கூடாது என்று கட்டளையிடவில்லை, நம்பிக்கையில்லாதவர்கள் துக்கிக்கும் விதமாய்த் துக்கிக்க வேண்டாம் என்றே தேற்றுகிறான் (1 தெச. 4:13). இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் நாம் எத்தனை பேருடைய வாயை அடைத்திருக்கிறோம்!

சபை வரலாற்றிலும் ஒரு சாட்சி உண்டு. கி.பி. 387ஆம் ஆண்டில், அகஸ்தீன் தம் தாயார் மோனிக்காவுடன் ஆப்பிரிக்காவிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில், ரோமாபுரிக்கு அருகேயுள்ள ஒஸ்தியா துறைமுகத்தில் அந்தத் தாயார் மரித்தார்கள். மகன் மனந்திரும்ப வேண்டுமென்று ஆண்டுக்கணக்காய் அழுது ஜெபித்த தாய் அவர்கள். அகஸ்தீனோ அடக்கம் முடியும்வரை பிடிவாதமாய்க் கண்ணீரை அடக்கிக்கொண்டார். பின்பு தனிமையில், தேவ சமுகத்தில் அழுது தீர்த்த பிறகே அவருடைய உள்ளம் இளைப்பாறியது. இதை அவர் தம்முடைய ‘அறிக்கைகள்’ என்னும் நூலில் வெட்கப்படாமல் எழுதிவைத்திருக்கிறார்.

சிலருடைய துக்கத்தில் வேறொரு முள்ளும் உண்டு. “உபவாசித்து ஜெபித்தோமே, ஏன் சுகமாகவில்லை? எங்கள் விசுவாசம் போதவில்லையோ?” என்ற கேள்வி அது. என் தாயாருக்காகவும் சபையார் மூன்று நாள் உபவாசம் இருந்தார்கள். சுகமாக்குகிற தேவனை நான் விசுவாசிக்கிறேன். இன்றும் வியாதியஸ்தர்மேல் கை வைத்து ஜெபிக்கிறேன். ஆனாலும் எத்தனையோ அற்புதங்களைச் செய்த எலிசா தீர்க்கதரிசி வியாதிப்பட்டே மரித்தான் (2 இராஜா. 13:14). யாக்கோபு எகிப்துக்குப் புறப்படுகையில், பெயெர்செபாவில் தேவன் அவனுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். நீ மரிக்கவே மாட்டாய் என்பது அந்த வாக்கு அல்ல, நீ மரிக்கும்போது உன் கண்களை மூட யோசேப்பின் கை இருக்கும் என்பதே அதன் பொருள் (ஆதி. 46:4). மரணத்தை முன்னறிந்த தேவன், அந்தப் படுக்கையருகே ஒரு மகனின் கையையும் ஆயத்தம்பண்ணினார். மருத்துவமனையில் உங்கள் தாய்க்குத் தண்ணீர் ஊட்டிய கை யாருடையதோ, அதுவும் ஜெபத்திற்குக் கிடைத்த பதிலே என்று எண்ணிப் பாருங்கள்.

2. அவன் விடுமுறை கேட்டுப் போனான்

தேசத்தில் இரண்டாம் இடத்தில் இருந்தவன், தன் தகப்பனை அடக்கம்பண்ணப் போகும்படி பார்வோனின் வீட்டாரிடத்தில் உத்தரவு கேட்கிறான், திரும்பி வருவேன் என்றும் உறுதி கூறுகிறான் (ஆதி. 50:4, 5). வேலை கொடுத்தவரிடம் கெஞ்சி நான்கு நாள் விடுமுறை வாங்கி, முன்பதிவில்லாத பெட்டியில் சோலாப்பூர், குண்டக்கல் வழியாக நின்றுகொண்டே போன நம் சகோதரருக்கு இவ்வசனம் புதியதல்ல.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். யாக்கோபின் சரீரத்திற்குச் சுகந்தவர்க்கமிட்டவர்கள் எகிப்தின் வைத்தியர்கள். அதற்கு 40 நாட்கள் சென்றன. எகிப்தியர் தங்கள் வழக்கப்படி 70 நாள் துக்கங்கொண்டாடினார்கள் (ஆதி. 50:2, 3). யோசேப்பு அவர்களை விரட்டவில்லை. வேறு விசுவாசத்தினர் அன்பினால் செய்ததை ஏற்றுக்கொண்டான். ஆனால் தகப்பன் கேட்டுக்கொண்டபடியே மக்பேலா குகைக்குக் கொண்டுபோவதில் உறுதியாயிருந்தான்.

குடும்பத்தில் முதலாவதாக இரட்சிக்கப்பட்டு, பெற்றோர் இன்னும் ஆண்டவரை அறியாதிருக்கும் பிள்ளைகள் நம் சபைகளில் அநேகர். தகப்பன் மரித்தால் கொள்ளி வைப்பது யார், மொட்டை போடுவது யார் என்ற கேள்வி எழும்பும். அதற்கு அஞ்சி ஊருக்கே போகாமல் இருந்துவிட்டவர்களை நான் அறிவேன். அப்படிச் செய்யாதேயுங்கள். போங்கள். பாடையைச் சுமக்கத் தோள் கொடுங்கள். செலவில் உங்கள் பங்குக்கு மேலாகவே கொடுங்கள். தாயாரின் காலருகே உட்கார்ந்து அழுங்கள். எவற்றைச் செய்ய உங்கள் மனச்சாட்சி இடங்கொடாதோ, அவற்றை அன்று பந்தலில் நின்று வாதிடாமல், பெற்றோர் உயிரோடிருக்கும்போதே உடன்பிறந்தவர்களிடம் தாழ்மையாய்ச் சொல்லிவையுங்கள். வாழ்நாளெல்லாம் பெற்றோரைக் கனம்பண்ணின மகனுடைய மறுப்பைக் குடும்பத்தார் பொறுத்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறைகூடப் பேசாதவனுடைய மறுப்பைப் பொறுக்கமாட்டார்கள்.

“என் அப்பா இரட்சிக்கப்படாமலே போய்விட்டாரே” என்று கேட்கிறவர்களுக்கு நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். வேறு எவரும் சொல்லவும் இடங்கொடேன். சிலுவையில் தொங்கின கள்ளனுக்குக் கடைசி மணி நேரம் போதுமானதாயிருந்தது (லூக்கா 23:42, 43). ஒருவருடைய கடைசி மூச்சில் அவருக்கும் தேவனுக்கும் இடையே நடந்ததை நாம் அறியோம். சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்கிறவர் என்று ஆபிரகாம் நம்பினானே (ஆதி. 18:25), நாமும் அந்த நீதியுள்ள கரத்தில் அவர்களை விட்டுவிடுவோம்.

போகவே முடியாதவர்களும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு தொடங்கி இரயில்கள் நின்றபின், தங்கள் தகப்பனின் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். “ஒரு பிடி மண் போட முடியவில்லையே” என்று இன்றும் சொல்லுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுவே: ஒருமுறை ஊருக்குப் போங்கள். ஆண்டுகள் கடந்திருந்தாலும் பரவாயில்லை. கல்லறைத் தோட்டத்தில் புல்லைப் பிடுங்கி, அங்கே நின்று, சொல்லாமல் விட்டதைக் கர்த்தரிடத்தில் சத்தமாய்ச் சொல்லுங்கள். கல்லறையில் இருப்பவரோடு பேசுவதல்ல இது. கர்த்தருக்கு முன்பாக நம் பாரத்தை இறக்கிவைப்பது. தேவன் நம் கண்ணீரைச் சேர்த்துவைக்கிறவர் (சங். 56:8). நாள் கடந்து வந்த கண்ணீரையும் அவர் தள்ளமாட்டார்.

3. அவன் திரும்பி வந்தான்

அடக்கம் முடிந்தபின் யோசேப்பு எகிப்துக்குத் திரும்பினான் (ஆதி. 50:14). இந்த ஒரு வசனத்திற்குள் எவ்வளவு பெரிய பாரம் இருக்கிறது! ஊரில் இருக்கும்வரை சுற்றத்தார் சூழ்ந்திருப்பார்கள். விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்லுவதிலேயே பொழுது போய்விடும். பட்டணத்திற்குத் திரும்பி, மறுநாள் மின்சார இரயிலில் ஏறும்போதுதான் தனிமை நெஞ்சில் அடிக்கிறது. பெட்டியிலுள்ள ஒருவருக்கும் உங்கள் தாய் மரித்தது தெரியாது. பெற்றோர் இருவரும் போய்விட்டால், “இனி ஊருக்குப் போனால் யார் வீட்டில் இறங்குவது?” என்ற கேள்வியும் கூடவே வரும். தாய் போனபின் நமக்கு ஊரும் பாதி போய்விடுகிறது.

இத்துக்கம் எத்தனை நாள் நீடிக்கும்? ஈசாக்கைப் பாருங்கள். சாராள் அவனைப் பெற்றபோது அவளுக்கு வயது 90. அவள் 127ஆம் வயதில் மரித்தாள். அப்பொழுது ஈசாக்குக்கு ஏறக்குறைய 37 வயது. அவன் ரெபெக்காளை விவாகம்பண்ணினபோது அவனுக்கு 40 வயது (ஆதி. 25:20). தாயின் மரணத்தைக்குறித்த துக்கம் அவனுக்கு ஆறினது அப்பொழுதுதான் என்று வேதம் சொல்லுகிறது (ஆதி. 24:67). மூன்று ஆண்டுகள்! வாக்குத்தத்தத்தின் பிள்ளைக்கே மூன்று ஆண்டுகள் ஆயின. சூரத்துச் சகோதரரே, உங்களுக்கு ஐந்து மாதங்களே ஆகியிருக்கின்றன. ஏன் உங்களை நீங்களே கடிந்துகொள்ளுகிறீர்கள்?

ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆவியானவரின் நிறைவை வாஞ்சிக்கிற நாம், ரோமர் 8:26ஐ நினைவுகூர வேண்டாமா? எப்படி ஜெபிப்பதென்று நாம் அறியாத வேளையில், வார்த்தைகளில் அடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவரே நமக்காக வேண்டுதல்செய்கிறார். முழங்காலில் நின்று மௌனமாய் எழுந்தாலும் அது ஜெபமே. அந்நியபாஷையில் ஜெபிக்கும் கிருபை பெற்றவர்கள், உங்கள் மனம் சொல்லத் திணறுகிறதை ஆவியில் ஊற்றிவிடுங்கள்.

சரீரத்தையும் கவனியுங்கள். சோர்ந்துபோய்ச் சாகவேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் முதலாவது கொடுத்தது அடையும் தண்ணீருமே, அவன் தின்று, குடித்து, மறுபடியும் தூங்கினான் (1 இராஜா. 19:5, 6). மாதங்கள் கடந்தும் தூக்கம் இல்லை, உணவு இறங்கவில்லை, வேலையில் மனம் செல்லவில்லை, வாழ்வே வேண்டாமென்று தோன்றுகிறது என்றால், மருத்துவரிடம் செல்லுங்கள். அது அவிசுவாசம் அல்ல. மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

4. அவன் சகோதரரைச் சேர்த்துக்கொண்டான்

தகப்பன் போனவுடன் யோசேப்பின் சகோதரருக்குப் பயம் பிடித்தது. பழைய தீமைக்கு இனி சரிக்கட்டுவானோ என்று கலங்கி, அவனுக்கு ஆள் அனுப்பினார்கள். அதைக் கேட்டு யோசேப்பு மறுபடியும் அழுதான் (ஆதி. 50:15-17). பின்பு அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் தானே பராமரிப்பதாகச் சொல்லித் தேற்றினான் (ஆதி. 50:21).

பெற்றோர் இருக்கும்வரை பிள்ளைகளைக் கட்டிவைத்த கயிறு அவர்களே. அந்தக் கயிறு அறுந்தபின், முப்பதாம் நாள் ஜெபம் முடியுமுன்னே வீட்டையும் வயலையும் குறித்து மனஸ்தாபம் வருவதை எத்தனை குடும்பங்களில் பார்த்திருக்கிறோம்! “மருத்துவச் செலவு முழுவதும் நான் அனுப்பினேன்” என்கிறான் பட்டணத்து அண்ணன். “ராத்திரி பகல் மலம் சலம் எடுத்தது நான்” என்கிறாள் ஊரிலிருந்த தம்பி மனைவி. இருவர் சொல்வதும் உண்மை. முதலாவது, தூக்கிச் சுமந்தவர்களுக்கு வாயார நன்றி சொல்லுங்கள். சகோதரிகளின் பங்கை மறக்காதிருங்கள். கிறிஸ்தவர்களுக்குரிய 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் தகப்பன் மரித்தால், தாய்க்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். “நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று” என்று அக்காவின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுகிறவன், ஞாயிற்றுக்கிழமை எந்தக் கையை உயர்த்தித் துதிப்பான்?

யோசேப்பு பெற்ற பெலன் எங்கே வெளிப்பட்டது என்று கேட்டால், அவன் அழாமல் இருந்ததில் அல்ல. அழுத அதே கண்களோடு மற்றவர்களைத் தேற்றினதில் வெளிப்பட்டது. அதுவரை அவன் தகப்பனுடைய மகன். அன்றுமுதல் அந்தக் குடும்பத்திற்கே தகப்பன்.

அம்மாவின் பட்டியல்

நான் மறுமுறை ஊருக்குப் போனபோது தம்பி அம்மாவின் வேதாகமத்தை என் கையில் கொடுத்தான். ஓரங்கள் கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, பக்கந்தோறும் பென்சில் கோடுகளாய் இருந்தது. சங்கீதங்களின் நடுவே, பழைய காலண்டர் தாள் ஒன்று நான்காய் மடிக்கப்பட்டிருந்தது. அதன் பின்புறத்தில் பெயர்கள். எல்லாம் எங்கள் மும்பை சபையாரின் பெயர்கள்! அம்மா அவர்களில் ஒருவரையும் நேரில் கண்டதில்லை. சனிக்கிழமைகளில் நான் பேச்சுவாக்கில் சொன்னவற்றைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு எதிரே ‘வேலை’. ஒருவருக்கு எதிரே ‘பிள்ளை இல்லை’. அந்தத் தாராவி சகோதரியின் பெயரும் இருந்தது. அதற்கு எதிரே, ‘தகப்பன் இல்லை, தேற்றும்’ என்று எழுதியிருந்தது.

நான் அழக் கூடாதென்று தடுத்தவருக்காக, ஊரில் என் தாய் ஆறுதல் கேட்டு ஜெபித்திருக்கிறார்கள்.

அம்மா மரித்தபின் என்னை அதிகமாய் வாட்டிய கேள்வி, “எனக்காக இனி ஜெபிப்பது யார்?” என்பதே. அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தபோது கர்த்தர் இரண்டு காரியங்களை எனக்கு உணர்த்தினார். ஒன்று, நமக்காக வேண்டுதல்செய்யும்படி எந்நேரமும் உயிரோடிருக்கிற பிரதான ஆசாரியர் நமக்கு உண்டு (எபி. 7:25). அம்மாவுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே, அவர் மரிப்பதில்லை. மற்றொன்று, அந்தப் பட்டியலை இனி நான் எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றிரவு ஒரு பென்சிலை எடுத்து, பட்டியலின் கீழே முதலாவது தம்பி மனைவியின் பெயரை எழுதினேன். இப்பொழுது சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தாளை விரித்து ஜெபிக்கிறேன். இன்னும் சில சனிக்கிழமைகளில் கண்ணீர் வருகிறது. வரட்டும்.

சூரத்துச் சகோதரரே, உங்கள் விசுவாசம் எங்கும் போய்விடவில்லை. அது குளியலறையில் தனியாய் நின்று அழுதுகொண்டிருக்கிறது; அவ்வளவுதான். நாளை விடியற்காலையில் அந்தக் குழாயை மூடுங்கள். மனைவியை எழுப்புங்கள். “அம்மா நினைவு வந்துவிட்டது” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் விழித்துக்கொண்டால் விழித்துக்கொள்ளட்டும். தங்கள் ஆச்சிக்காக அப்பா அழுவதையும், அழுதபடியே ஜெபிப்பதையும் அவர்கள் காணட்டும். ஒருநாள் அவர்களுக்கும் அது தேவைப்படும்.

ஜெபிப்போம்:

அன்பின் பரலோகப் பிதாவே, தாயையும் தகப்பனையும் இழந்து, தூரதேசத்தில் தனிமையாய்த் துக்கிக்கிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். அவர்கள் கண்ணீரை நாங்கள் தடுக்காதிருக்க எங்களுக்குப் புத்தியைத் தாரும். அடக்கத்திற்குப் போகமுடியாமற்போனவர்களின் பாரத்தை நீக்கும். உடைந்த உடன்பிறப்புகளைச் சேர்த்துவையும். எங்கள் பெற்றோர் விட்டுப்போன ஜெபத்தின் இடத்தில் நாங்கள் நிற்கப் பெலன் தாரும். உயிர்த்தெழுதலின் நாளில் நாங்கள் யாவரும் உம்முடைய சமுகத்தில் கூடிச்சேரும்படி எங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மேய்ப்பன்